பின்மனை - 11: குழிக்குள் நின்றவள்

மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிய மனையில், மூன்று பேரும் சேர்ந்து நின்று எல்லைக் கல் நட வேண்டிய நாள் அது. சர்வேயர் வருவதற்கு முன்பே ஒருவர் மட்டும் ஆளை இறக்கிக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்.

செய்தி வந்தபோது வேன்காரம்மா பள்ளிக்கூட வாசலில் இருந்தாள். கடைசிக் குழந்தை இறங்க மறுத்து, சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஆயாம்மா அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்கே இருக்கே?" மகள் குரல் மூச்சிரைத்தது. "பின்னாடி குழி வெட்டறாங்க. கடைசி ஓரத்துல. நாம பாதைன்னு பேசி வெச்ச இடத்துலேயே."

"யாரு வெட்டறா?"

"வேற யாரு? கான்ட்ராக்டர் மாமா ஆளுங்கதான். மேஸ்திரி, நாலஞ்சு பேரு."

"அப்பா எங்கே?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"பின்வாசப்படியில நிக்கறாரு. பாத்துட்டு நிக்கறாரு."

வேன்காரம்மா போனை வைத்தாள். குழந்தையை அப்படியே அலாக்காகத் தூக்கி வாசல் காவலாளியிடம் கொடுத்தாள். குழந்தை அழக்கூட மறந்து அவள் முகத்தையே பார்த்தது.

பின்மனைக் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரே வரிசையில் மூன்று வீடுகள். இடது ஓரத்தில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். நடுவில் வேன்காரம்மா, கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடி பொருத்தும் அவள் கணவர் கண்ணாடிக்காரர், மகள் பாப்பா. பாப்பாவுக்கு இருபத்து மூன்று வயதாகிவிட்டது, ஆனால் பெயர் மட்டும் வளரவில்லை. வலது ஓரத்தில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டரம்மா, தனியாக.

மூன்று வீட்டுக்கும் பின்னால் முள்ளும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்த காலிமனையில் கல் அறுக்கும் பட்டறை வரப் போகிறது என்று தெரிந்ததும், முதலில் பதறியவர் கான்ட்ராக்டர்தான். அவர்தான் இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து, "நாமளே சேர்ந்து வாங்கிடுவோம், ஆளுக்கு ஒரு துண்டு" என்று பேசி முடித்தார். பத்திரத்தில் மூன்று பெயர். நடு வீட்டுப் பங்குக்குக் கணவர் பெயர் இல்லை, வேன்காரம்மாவின் பெயர். வண்டி ஓட்டிச் சேர்த்தது அவள் என்பதால் அதில் யாருக்கும் மறுபேச்சு இருக்கவில்லை.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்த மனை பக்கத்துத் தெருவைத் தொடுவது கான்ட்ராக்டர் வீட்டுப் பின்புறம் மட்டும். அவரவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டை அவரவர் எடுத்துக்கொண்டால், மற்ற இரண்டு துண்டும் மூடிய பெட்டிக்குள் மாட்டிய மாதிரிதான். அதனால் பின் ஓரமாக, மூன்று துண்டையும் தொட்டுக்கொண்டு, தெரு வரைக்கும் ஒரு பொதுப் பாதை விடுவது என்று பேச்சு. கான்ட்ராக்டர் வீட்டுக் கூடத்தில், அவர் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே பேசிய பேச்சு.

அந்தப் பேச்சின் மேல்தான் இப்போது கடப்பாரை விழுந்துகொண்டிருந்தது.

"எங்கே இவ்வளவு வேகமா?" என்றாள் ஆயாம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "என்னை மார்க்கெட்டுல இறக்கி விடறேன்னியே?"

"இன்னிக்கு மார்க்கெட் இல்ல. நம்ம எடத்துக்குப் போறோம்."

வேன்காரம்மாவின் வண்டி வீட்டு வாசலுக்கு வந்ததே இல்லை. முன்சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். அதனால் வண்டி எப்போதும் சந்து முனையில், மருந்துக் கடைச் சுவரோரம் அனாதையாக நிற்கும். போகிற வருகிறவன் எல்லாம் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போவான். இன்று அவள் சந்து முனையில் நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனாள். மனையின் வாய் திறந்து கிடந்தது. மஞ்சள் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உள்ளே இறங்கியது.

வேலையாட்கள் சிதறினார்கள். பின் ஓரத்தில் குழிகள் வரிசையாக வாயைப் பிளந்து கிடந்தன. வேன்காரம்மா முதல் குழிக்கு மேல், அது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே வரும்படி, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு இறங்கினாள்.

"என்ன தங்கச்சி இது?" கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டேதான் வந்தார். எப்போதும் அவர் சிரிப்புதான் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். "குழிக்குள்ள விட்டிருந்தா அச்சு முறிஞ்சிருக்கும்."

"குழி எதுக்குண்ணே?"

"சுவருக்குத்தான். என் துண்டை நான் அடைச்சுக்க வேணாமா?"

"அடைங்க. பாதைய விட்டுட்டு அடைங்க."

"பாதையா?" அவர் நெற்றியைச் சுருக்கினார். "அதான் பேசி முடிச்சாச்சே. தம்பிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு. உங்க துண்டுக்கு உங்க வீட்டு வழியாத்தான் போகப் போறீங்க, நடுவுல பாதை எதுக்கு? எடம் வீணாப் போகும். ரெண்டு பசங்க எனக்கு. ஆளுக்கு ஒரு வீடு கட்டணும்."

வேன்காரம்மா திரும்பிப் பார்த்தாள். கணவர் பின்வாசப்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார், பொத்தான் மட்டும் ஒன்று மாறிப் போட்டிருந்தார். அவள் பார்த்ததும் அவர் உள்ளே போய்விட்டார்.

அவளும் போனாள்.

சமையலறையில் அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்த பிறகும் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"சரின்னு சொன்னீங்களா?"

"அப்படி ஒரேயடியாச் சொல்லல. யோசிக்கலாம்னேன்."

"யோசிக்கலாம்னு சொன்னதுக்கா குழி வெட்டறாரு?"

அவர் டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

"இந்தா பாரு, காலம் பூரா பக்கத்துலயே இருக்கப் போறவங்க. ஒரு பாதைக்காகப் பகைச்சுக்கணுமா?"

"எடம் என் பேர்ல இருக்கு. என்னைக் கேக்காம எப்படிச் சொன்னீங்க?"

"உன்கிட்டே சொன்னா நீ ஒத்துக்க மாட்டே."

"அதான், தெரிஞ்சேதான் சொல்லாம இருந்திருக்கீங்க!"

அவர் மூன்றாம் முறையாக டம்ளரைக் கழுவ எடுத்தார். அவளுக்குத் தெரியும், இது வெறும் பயம் இல்லை. இவர் பயந்தால் புலம்புவார். இப்படிப் பாத்திரம் கழுவ மாட்டார். உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

"வேற என்ன பேசினாரு அவரு?"

"ஒண்ணும் இல்ல."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தே சொன்னார். "அவரு மனைவியோட அண்ணன் பையன் ஒருத்தன் இருக்கான். நல்ல வேலை. நம்ம பாப்பாவுக்குக் கேக்கறாங்க. இன்னிக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்து பேசறதா இருக்காங்க."

வேன்காரம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அவங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்களாம். பொண்ணு வேன் ஓட்டறதெல்லாம் வேணாம்னு. நீ என்னடான்னா ரெண்டாவது வண்டி வாங்கணும், கொட்டகை போடணும், பாப்பா அதை ஓட்டணும்னு ஆடிக்கிட்டு இருக்கே. பாதை இருந்தாத்தானே கொட்டகை? கொட்டகை இருந்தாத்தானே ரெண்டாவது வண்டி? பாதை இல்லேன்னா அந்தப் பேச்சே எழாது. எல்லாம் தானா அடங்கிடும்னு..."

"அடங்கிடுமா?"

குரல் வாசற்படியிலிருந்து வந்தது. பாப்பா நின்றுகொண்டிருந்தாள். அழுவாள் என்று அப்பா எதிர்பார்த்திருக்க வேண்டும், கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அவள் அழவில்லை.

"என்னை அடக்கறதுக்கு அம்மாவோட எடத்தைச் சுவர் வெச்சு அடைக்கணுமா அப்பா? நேரா என்கிட்டேயே கேட்டிருக்கலாமே. வேணாம்னு நானே சொல்லியிருப்பேன்."

"நீ சின்னப் பொண்ணு..."

"வண்டி ஓட்டறதுக்கு லைசென்ஸ் குடுத்தவங்களுக்கு நான் சின்னப் பொண்ணாத் தெரியலையே!"

வேன்காரம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். கணவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடித்து நொறுக்கலாம் போலவும் இருந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த இரண்டும் ஒன்றாக வருவது அவளுக்குப் புதிதில்லை.

"சரி. நீங்க கடைக்குப் போறதுன்னா போங்க," என்றாள். "வண்டி அங்கேயேதான் நிக்கும்."

அவர் கடைக்குப் போகவில்லை. போனில் லீவு சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறிய பிறகு சர்வேயர் வந்தார். குட்டையான மனிதர், பெரிய குடை. மனையின் நடுவில் நிற்கும் மஞ்சள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இது என்ன, இதையும் அளக்கணுமா?"

கான்ட்ராக்டர் அவரைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். வேன்காரம்மா பின்னாலேயே போய் நின்றுகொண்டாள்.

"என்ன பேசறதா இருந்தாலும் மூணு பேருக்கும் கேக்கற மாதிரிப் பேசுங்க சார். வாங்கினது மூணு பேரு."

"அம்மா, எனக்கு எல்லாரும் வேண்டியவங்க," என்றார் சர்வேயர் குடையை மடக்கியபடி. "மூணு பேரும் ஒத்து வந்தா கல்லு நடறேன். இல்லேன்னா கூப்பிடறப்ப வர்றேன்."

"ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாச்சே!" என்றார் கான்ட்ராக்டர். "சிஸ்டரம்மாவும் பாதை வேணாம்னுட்டாங்க. அவங்க பக்கத்துக்கும் நானே சுவர் கட்டித் தர்றதா சொல்லியிருக்கேன்."

எல்லோரும் வலதுபுறம் பார்த்தார்கள். சிஸ்டரம்மா வீட்டுப் பின்ஜன்னலில் திரை அசைந்தது. ஆள் வெளியே வரவில்லை.

அதுதான் வேன்காரம்மாவைச் சுருக்கென்று குத்தியது. கணவர் சறுக்கியது ஒரு பக்கம். சிஸ்டரம்மாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் இவள் ஒற்றை ஆள். ஊர் என்ன சொல்லும்? எல்லாரும் ஒத்துப்போன இடத்தில் இவள் மட்டும் தகராறு பிடித்தவள் என்றுதான் சொல்லும்.

"ரெண்டு பேரு போதாது," என்றார் சர்வேயர். "மூணாவது ஆளு வண்டிய நிறுத்திட்டு நிக்கறாங்களே!" அவர் போய்விட்டார்.

கான்ட்ராக்டர் அசரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லித் தன் வீட்டு நிழலில் உட்கார்ந்தார்.

"நான் இல்லேன்னா இந்த எடம் உங்களுக்கு வந்திருக்குமா தங்கச்சி? வித்தவங்ககிட்டே அலைஞ்சது யாரு? அந்தப் பட்டறைக்காரனை விரட்டினது யாரு?"

"நீங்கதாண்ணே. இல்லேன்னு யாரு சொன்னா? அலைஞ்சதுக்கு நன்றி சொல்றேன். அதுக்காகப் பாதைய எழுதிக் குடுக்க முடியாது."

"சரி. எவ்வளவு நேரம் வண்டிய இங்கே நிறுத்தி வெப்பீங்க? பள்ளிக்கூடம் விட்டா எடுத்துத்தானே ஆகணும்? நான் உக்காந்தே இருக்கேன். எனக்கு அவசரம் இல்ல."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததோ இல்லையோ, கணக்குச் சரியாக இருந்தது. காலையில் வந்த வேகத்தில் அவள் அதை யோசிக்கவே இல்லை. வண்டியை எடுத்தால், அவள் திரும்பி வருவதற்குள் கம்பி நின்றுவிடும், கான்கிரீட் விழுந்துவிடும். எடுக்காவிட்டால் குழந்தைகள் பள்ளி வாசலில் நிற்கும்.

மதியத்துக்கு மேல் செங்கல் லாரி வந்தது. உள்ளே வர வழியில்லாமல் மனையின் வாயில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. லாரி டிரைவர் சாப்பிடுகிறேன் என்று இறங்கிப் போனவர் போனவர்தான்.

பள்ளி விடும் நேரம் நெருங்கியது. ஆயாம்மா வண்டிக்குள்ளேயே ஒரு தூக்கம் போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"லாரிய எடுக்கச் சொல்லுங்கண்ணே," என்றாள் வேன்காரம்மா.

"எடுக்கச் சொல்றேன். ஒரே ஒரு வார்த்தை நீங்க சொல்லுங்க. பாதை வேணாம்னு."

"குழந்தைங்க நிக்கும்."

"அதான் நானும் சொல்றேன். பாவம், குழந்தைங்க."

அவர் அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் வேன்காரம்மாவுக்குள் ஏதோ ஒன்று கெட்டியானது. அவள் பின்வாசலைப் பார்த்தாள். கணவர் படியில் வந்து நின்றிருந்தார். 'நான் வரும் வரைக்கும் இங்கே நின்றுகொள்ளுங்கள்' என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போக முடியுமா? கேட்டால் நிற்பார். கான்ட்ராக்டர் தோளில் கை போட்டால் நகர்ந்துவிடுவார்.

அவள் கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள்.

"பாப்பா! இங்கே வா."

பாப்பா ஓடி வந்தாள்.

"நீ போய்க் குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்து வீடு வீடா விட்டுட்டு வா. ஆயாம்மாவுக்கு எல்லா வீடும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்."

பாப்பா சாவியை வாங்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவா?"

"ஓட்டுவியா மாட்டியா?"

"ஓட்டுவேன்."

"அப்ப வாங்கு."

"ஏய், என்ன இது!" கணவர் படியிறங்கி வந்தார். "அவ தனியா குழந்தைங்களை வெச்சுக்கிட்டு... லாரி வேற அடைச்சுக்கிட்டு நிக்குது, எப்படி வெளியே போவா?"

"போவா," என்றாள் வேன்காரம்மா.

கான்ட்ராக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தம்பி, நல்லா யோசிச்சுக்குங்க. சாயந்திரம் பெரியவங்க வர்றாங்க. இந்த நேரத்துல பொண்ணு தெருவுல வேன் ஓட்டிட்டுப் போனா நான் அவங்ககிட்டே என்னன்னு சொல்றது? லாரிக்காரன் மாதிரி ஒரு பொண்ணு இருக்கு, வந்து பாருங்கன்னா சொல்றது?"

கண்ணாடிக்காரர் நின்றுவிட்டார்.

அவர் அதிகம் பேசத் தெரியாதவர். கடையில்கூட வாடிக்கையாளரிடம் "தெரியுதா, தெரியுதா" என்பதற்கு மேல் பேச மாட்டார். காது மடல் இரண்டும் சிவந்து போயின.

"லாரியும் ஓட்டுவா," என்றார்.

"என்ன?"

"லாரியும் ஓட்டுவான்னேன். உங்க லாரிச் சாவியக் குடுங்க. எடுத்து ஓரமா விட்டுட்டு, அப்புறமா வேனை எடுத்துட்டுப் போவா."

மேஸ்திரி களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க இருமினார். கான்ட்ராக்டர் அவரைத் திரும்பி முறைத்தார்.

"அப்போ அவங்களை வர வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"நீங்க சொல்ல வேணாம். நம்பர் என்கிட்டே இருக்கு. நானே சொல்லிக்கறேன்."

வேன்காரம்மாவுக்குக் கணவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. பாப்பா ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டிருந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். எஞ்சின் உறுமியது.

வண்டியைப் பின்னால்தான் எடுக்க வேண்டும். லாரிக்கும் சுவருக்கும் நடுவே வண்டி நுழையுமா நுழையாதா என்ற அளவுக்குத்தான் இடம். கண்ணாடிக்காரர் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

"வா வா வா... ஒடிச்சு வா... அப்படியே... ஐயோ நில்லு! முன்னாடி போ. இப்ப வா. மெதுவா. அப்பா இருக்கேன்ல, வா!"

லாரியின் மரப்பலகையில் உரசி, மஞ்சள் பெயின்ட் ஒரு கோடு போய்விட்டது. வேன்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது வண்டி தெருவில் இருந்தது. பின்கண்ணாடி வழியாக ஆயாம்மாவின் கை வெளியே ஆடியது, ஏதோ வெளியூர் போகிறவள் மாதிரி.

வண்டி நின்ற இடம் காலியானது. குழி வாயைத் திறந்தது.

"ம், போடுங்கய்யா!" என்றார் கான்ட்ராக்டர்.

வேன்காரம்மா நடந்து போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குழிக்குள் இறங்கி நின்றாள். மண் இடுப்புக்கு வந்தது.

"போடுங்க," என்றாள்.

மேஸ்திரி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தார். "சார், அம்மா நிக்கற குழியில நான் எப்படி சார் போடறது? நீங்க பேசி முடிங்க. நான் அதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

அப்போதுதான் வலதுபுறக் கதவு திறந்தது.

சிஸ்டரம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. கதவைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒரு மரநாற்காலியை முன்னால் தள்ளி அதைப் பிடித்து, கரடுமுரடான அந்த மனையில் ஒவ்வொரு அடியாக நடந்து வந்தார். கண்ணாடிக்காரர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். சிஸ்டரம்மா இரண்டாவது குழிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"நீங்க பாதை வேணாம்னு..." என்று ஆரம்பித்தார் கான்ட்ராக்டர்.

"நீங்க கேட்டப்போ நான் பேசாம இருந்தேன். வேணாம்னு சொல்லல." சிஸ்டரம்மா வார்டில் பேசிய குரல் அது, சத்தமே இல்லாமல் எல்லோருக்கும் கேட்டது. "காலையிலேர்ந்து ஜன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தேன். நான் தனியா இருக்கறவ. நாளைக்கு ஒண்ணுன்னா உங்களைத்தான் கூப்பிடணும். பயமா இருந்துச்சு."

சிஸ்டரம்மா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்போ ஆம்புலன்ஸ் சந்து முனையில நின்னுடுச்சு. உள்ளே வர முடியல. நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டு ஓடினோம். ஒரு பக்கம் பிடிச்சது நீங்கதான். நினைப்பிருக்கா?"

கான்ட்ராக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் நர்ஸு. பாதி வழியிலேயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. உங்க யார்கிட்டேயும் சொல்லல. எல்லாரும் அவ்வளவு வேகமா ஓடினீங்க." அவர் வேன்காரம்மாவைப் பார்த்தார். "வண்டி வர்ற மாதிரி ஒரு வழி எனக்கு வேணும். இந்தப் பொண்ணு கேக்கறது அவளுக்காக மட்டும் இல்ல. அவ கேக்கட்டும்னு நான் உள்ளே உக்காந்திருந்தது தப்பு."

கான்ட்ராக்டர் தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டார். பிறகு, "இன்னிக்கு வேலை போதும்," என்று இன்னும் டீக்குப் போகாமல் நின்ற மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விட்டுக்கொடுத்தாரா, வேறு வழி யோசிக்கப் போனாரா என்று அந்தக் கதவைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

கண்ணாடிக்காரர் மனைவிக்குக் கை கொடுத்துக் குழியிலிருந்து தூக்கிவிட்டார்.

"பொத்தானைச் சரியாப் போடுங்க," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் குனிந்து பார்த்து, காலையிலிருந்து இப்படியேவா இருந்தேன் என்று வெட்கப்பட்டார்.

வெயில் இறங்கும்போது பாப்பா திரும்பி வந்தாள். லாரி போய்விட்டிருந்தது. வேன்காரம்மாவும் கணவரும் மண்வெட்டி எடுத்து, பின் ஓரத்துக் குழிகளை ஒவ்வொன்றாக மூடி மிதித்திருந்தார்கள். வண்டியை நிறுத்தக் கை காட்டிய அம்மாவிடம் பாப்பா தலையாட்டிவிட்டு, நிறுத்தாமல், பின் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போனாள். கான்ட்ராக்டர் துண்டைத் தாண்டி, நடுத் துண்டைத் தாண்டி, முள்ளும் புல்லும் சக்கரத்தில் நசுங்க, சிஸ்டரம்மா வீட்டுப் பின்கதவு வரைக்கும். அங்கே வளைத்துத் திருப்பிக்கொண்டு வந்தாள். மறுபடியும் போனாள். மறுபடியும் வந்தாள். மூன்றாம் முறை வந்தபோது தரையில் இரண்டு தடம் தெளிவாக விழுந்திருந்தது.

"ஒரு குழந்தைகூட அழல," என்றாள் ஆயாம்மா வேன்காரம்மாவிடம், இறங்கும்போது. "நீ ஓட்டினா நாலு அழும்."

நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சிஸ்டரம்மா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்," என்றார் மெதுவாக. "என் பையன் வர்றான். என் துண்டைக் கான்ட்ராக்டருக்கே குடுத்துடலாம், வீட்டையும் சேர்த்துக் குடுத்துட்டு என்னைத் தன்னோட கூட்டிட்டுப் போயிடலாம்னு அவனுக்கு எண்ணம். ரெண்டு பேரும் ரொம்ப நாளாப் பேசிக்கிட்டு இருக்காங்க போல. நாளைக்கு வர்றேன்னான்."

வேன்காரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தன் துண்டுக்கும் தெருவுக்கும் நடுவே தடையாக ஒரே ஒரு ஆள்தான் நிற்கிறார் என்று நினைத்தது பொய், இந்தப் பையனும் நிற்கிறான். அந்தக் கடைசித் துண்டும் கான்ட்ராக்டர் கைக்குப் போய்விட்டால், பாதை கேட்க நடுவில் இவள் மட்டும்தான்.

நாளை வரை காத்திருக்க வேண்டி வரவில்லை.

தெருவிலிருந்து ஒரு வாடகைக் கார் திரும்பியது. மேலே பெட்டிகள் கட்டியிருந்தன. சந்து முனைக்குப் போகாமல், பாப்பாவின் வண்டி போட்டுவைத்த தடத்தின் மேலேயே உருண்டு வந்தது. முன்சீட்டில் கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார். எப்போது வெளியே போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

பின்கதவைத் திறந்துகொண்டு, பயணக் களைப்போடு ஒருவன் இறங்கினான். நேராக அம்மாவிடம் வந்து குனிந்து, அவர் தோளை அணைத்துக்கொண்டான். நிஜமான பாசத்தோடுதான்.

"ஏம்மா வெளியே மண்ணுல உக்காந்திருக்கே? உள்ளே வா. இனிமே நீ எதுக்கும் கவலைப்பட வேணாம். எல்லாம் நான் பேசி முடிச்சிட்டேன்."

சிஸ்டரம்மா மகனின் கன்னத்தைத் தடவினார். எத்தனை நாள் கழித்துப் பார்க்கிறார்! கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"பேசி முடிச்சிட்டியா?" என்றார். "யாரோடப்பா பேசினே? என்னோட பேசலையே!"